விழக் கற்றுக்கொடுத்தவர்

மருந்துக்கடையில் வரிசை கோணலாக நின்றால் டீச்சருக்குப் பொறுக்காது. கையிலிருக்கும் குடையின் நுனியால் தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இழுப்பார். "எல்லாரும் இதுல." முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரு கணம் யோசித்துவிட்டு அந்த இல்லாத கோட்டின்மேல் வந்து நின்றுகொள்வார்கள். கூன் போட்டுக்கொண்டு போனை நோண்டுகிறவர் யாராவது இருந்தால் அவருக்குத் தனியாக ஒரு சொல் உண்டு. "முதுகு." அவ்வளவுதான். அதற்கு நிமிராத முதுகை இந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. மருந்தை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரே கல்லாவுக்குப் பின்னால் லேசாக நிமிர்ந்துகொள்வார். அவருடைய அம்மா டீச்சரிடம் படித்தவர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எண்பத்து நான்கு வயது. ஒல்லி. சேலைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ, வாரம் ஒரு முறை சுண்ணாம்பு மாதிரி எதையோ பூசி வெளுப்பாக்கியது. கையில் இருப்பது குடைதான் என்பார். வெயில் இல்லாத நாளிலும் மழை இல்லாத நாளிலும் அது அவரோடு வரும், தரையில் ஊன்றியபடி வரும், ஆனாலும் அதைக் கைத்தடி என்று யாரும் சொல்லிவிட முடியாது. டீ குடிக்க உட்காருவார். செய்தித்தாளை நின்றுகொண்டுதான் படிப்பார், அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து. டி.வி.யில் எந்த விளையாட்டு ஓடினாலும் சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்ப்பார். பேசுகிறவர்கள் விளையாட்டைக் கெடுக்கிறார்களாம். ஆட்டம் முடிந்து எல்லாரும் கோப்பையைப் பார்க்கும்போது அவர் திரையின் ஓரத்தில் தலை குனிந்து போகிறவர்களைத் தேடுவார். "ஜெயிச்சவன் முகத்துல என்ன இருக்கு, பல்லுதான் இருக்கு. தோத்தவனைப் பாரு. எப்படி நடந்து போறான்னு பாரு."

வீட்டிலும் அவர் டீச்சர்தான். மகன் ஒருவன் மட்டுமே அம்மா என்கிறான். மற்றபடி பேரன், பேத்தி, பால் போடுகிறவர், மாடி வீட்டுக்காரர் எல்லாருக்கும் டீச்சர். இதற்குக் காரணம் மருமகள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை என்று கூப்பிட எவ்வளவோ முயன்றாள். நாக்கு வளையவில்லை. அவள் வாயைப் பார்த்துப் பேசக் கற்ற மூத்த குழந்தை முதன்முதலில் பாட்டியைச் சுட்டிக்காட்டி "டீச்ச" என்றது. அத்தோடு விஷயம் முடிந்துபோயிற்று.

மருமகள் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவள். படித்தவள் என்பதைவிடப் படிக்காமல் தப்பித்தவள் என்பதே சரி. ஏனென்றால் அவர் அந்தப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். இவள் எட்டாம் வகுப்பு, வயதுக்கு மீறிய உடம்பு. ஓடினால் மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆகவே விளையாட்டு பீரியட் வரும் நாளெல்லாம் இவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நிற்பாள். எந்தப் பக்கம் என்று கேட்பார் டீச்சர். ஒரு வாரம் வலப்பக்கம் என்றாள். அடுத்த வாரம் அதை மறந்துபோய் இடப்பக்கம் என்றுவிட்டாள். டீச்சர் அதை ஏற்றுக்கொண்டதுபோலத் தலையை ஆட்டினார்.

"வலி நல்லா ஓடுதே. கூடவே நீயும் கொஞ்சம் ஓடலாமில்ல?"

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் ஓடமாட்டேன் என்கிறாய் என்றும் துருவவில்லை. மணல் குழிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, அளக்கும் டேப்பின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிட்டார். தாண்டுகிறவளின் கால் கோட்டை மிதித்ததா இல்லையா என்று சொல்லும் அதிகாரமும் அவளுக்கே. வாயைப் பொத்திச் சிரித்த பெண்கள் அந்த வருஷம் முழுக்க அவளிடம் குழைந்து குழைந்து பேசினார்கள். அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரையும் பழிவாங்கவும் இல்லை. மிதித்தால் மிதித்தது, இல்லையென்றால் இல்லை. இன்றைக்கு அவள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறாள். ஒற்றெழுத்து ஒன்று கோட்டை மிதித்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

டீச்சர் அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது மைதானம் என்று ஒன்று இல்லை. பின்பக்கம் ஒரு பொட்டல், அதில் உடைந்த பெஞ்சும் கண்ணாடிச் சில்லும். விளையாட்டு பீரியடில் என்ன செய்வது என்று கேட்டதற்கு, பெண்களைச் சத்தம் போடாமல் உட்காரவைத்தால் போதும் என்றாராம் அன்றைய தலைமையாசிரியை. டீச்சர் உட்காரவைக்கவில்லை. முதல் வருஷம் முழுக்கப் பெண்களை வரிசையாக நிறுத்திக் கல் பொறுக்கவைத்தார். யார் பெரிய கல் தூக்குவது, யார் தூரமாக எறிவது என்று அதையே போட்டியாக்கினார். இரண்டாம் வருஷம் பொட்டல் மைதானமாகியிருந்தது. இரும்புக்குண்டு எறியப் பெண்களுக்குத் தோளும் வந்திருந்தது.

அவருடைய பெரிய பகை கணக்கு டீச்சரோடு. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் விளையாட்டு பீரியடை எடுத்துக்கொண்டுவிடுவார். கேட்டால், பின்னங்கள் பாக்கி இருக்கின்றன என்பார். டீச்சர் சில காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் நட்டநடு கணக்கு வகுப்பில், விசில் கழுத்தில் தொங்க, வாசலில் போய் நின்றார். எழுதிக்கொண்டிருந்த கணக்கு டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. கொடுத்த பீரியடை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று டீச்சர் மரியாதையாகச் சொல்ல, நாற்பது பெண்களும் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் இருவரும் அதன்பின் பல வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள்.

கல்யாணக் கதையும் மைதானத்தோடு சேர்ந்ததுதான். ஒரு முறை மூங்கில் ஈட்டிகளைக் கட்டாகக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார். கண்டக்டர் இறங்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. ஜன்னலோரம் இருந்த ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் எழுந்து, கட்டின் மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டு, போகிற வழியெல்லாம் அதைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். தன் நிறுத்தம் தாண்டிப்போனதைக்கூடச் சொல்லவில்லை. அவரைத்தான் டீச்சர் கட்டிக்கொண்டார். நாள் முழுக்க ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்த மனிதர். மகன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் இதயம் நின்று போய்விட்டார். டீச்சர் வேலைக்குத் திரும்பிய அன்று துக்கம் விசாரிக்க வந்தவர்களை எல்லாம் கடந்து மைதானத்துக்குப் போய், பெண்களோடு சேர்ந்து ஓடினார். அன்றைக்கு அவர் நிறுத்தச் சொல்லும்வரை ஒரு பெண்ணும் நிற்கவில்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.

அவரிடம் எல்லாருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். ஓடுவதல்ல, தாண்டுவதல்ல. விழுவது. பழைய மெத்தை ஒன்றை விரித்து, ஒவ்வொருத்தியாக விழச் சொல்வார். "கையை ஊனாதே, உடையும். தோளைக் கொடு, உருண்டுடு. தரை உனக்கு விரோதி இல்ல." விழத் தெரிந்தவளுக்குத்தான் தாண்டத் துணிச்சல் வரும் என்பது அவர் கட்சி. சைக்கிளிலிருந்து விழுந்தபோதும், படிக்கட்டில் சறுக்கியபோதும், சிராய்ப்போடு தப்பிய பெண்கள் வளர்ந்து அம்மாக்களாகிப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மகன் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலைக்குப் போனான். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டான். நாள் முழுக்க வில்லைகளை மாற்றி மாற்றி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுப் பழகிய வாய். வீட்டுக்கு வந்தாலும் பருப்பா கீரையா, ஃபேனா ஜன்னலா என்று அதே கேள்வி. அவன் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த ஒரே காரியம், அச்சகத்தில் வேலை பார்த்த பெண்ணை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததுதான். கதவைத் திறந்த டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வயித்துவலி எப்படி இருக்கு?"

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்து, காது வரை சிவந்துபோனாள். அன்று அவள் போன பிறகு டீச்சர் மகனிடம் சொன்னாராம், தாராளமாகக் கட்டிக்கோ, இவள் பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும், உனக்குச் சிரமம் இருக்காது என்று.

பாட்டியாகவும் அவர் வழக்கத்துக்கு மாறானவர்தான். கதை சொல்லத் தெரியாது. ஒரே ஒரு முறை பேத்திக்கு ஆமை முயல் போட்டி என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு, இந்த முயலுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் என்று கோபப்பட ஆரம்பித்துவிட்டார். தூங்கவைக்கத் தெரியாது, தூக்கம் வருமளவு களைப்பாக்கத் தெரியும். பேரனுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், பேத்திக்குச் சுவர் ஏறக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேரும் இப்போது வெவ்வேறு ஊர்களில் வேலையில் இருக்கிறார்கள். போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. "டீச்சர், என்ன ஸ்கோர்?" என்பார்கள். அவரும் வீட்டு நிலவரத்தை அப்படியே சொல்வார், உங்கம்மா கட்சி முன்னிலை, உங்கப்பா இன்னும் களத்துலயே இறங்கல என்று.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு ஒரு நாற்காலியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை மாடி வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பக்கத்துப் பூங்காவுக்குப் போய்விட்டார். முதலில் தனியாகத்தான் கையைக் காலை வீசிக்கொண்டிருந்தார். பிறகு தையல்காரம்மா வந்து சேர்ந்தார், கழுத்து வலி. அப்புறம் ஒரு நர்ஸ், ரயில்வேயில் இருந்தவரின் மனைவி, இரண்டு சம்பந்திகள் என்று கூட்டம் பெருகியது. ஒரு நாள் மூட்டு வலியோடு மெல்ல நடந்து வந்து கடைசி வரிசையில் நின்றது கணக்கு டீச்சர். இருவரும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள். சில வாரத்தில் கணக்கு டீச்சருக்கு முழங்கால் மடங்கியது. நன்றி என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் டீச்சர் எண்ணும்போது நடுவில் எண்களை விட்டுவிடுகிறார் என்று குறை சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டார். அது உண்மைதான். யாராவது களைத்துப்போனது தெரிந்தால் டீச்சர் ஐந்திலிருந்து நேராக எட்டுக்குப் போய்விடுவார்.

மருமகள் மட்டும் பூங்காப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அச்சகத்தில் குனிந்து குனிந்து அவளுக்கும் முதுகு போயிருந்தது. டீச்சர் ஒரு நாளும் வா என்று கூப்பிடவில்லை. அவள் சாப்பிட உட்காரும்போது அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்வதோடு சரி.

போன வருஷம் டீச்சர் விழுந்தார். மலையிலிருந்தோ மாடியிலிருந்தோ அல்ல. வீட்டு வாசலில் கிடந்த கால்மிதி கொஞ்சம் மடிந்திருந்தது. வெளியே கிளம்பியவரின் ஷூ அதில் தட்டியது. மருமகள் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். டீச்சர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், முகத்தில் வலியைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. அவள் குனிந்து தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவளும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை டீச்சரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இடுப்பெலும்பில் முறிவு. கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். எலும்பு நன்றாகத்தான் கூடியிருக்கிறது, இனி நடப்பது அவர் கையில் என்றார் டாக்டர். இப்போது விட்டுவிட்டால் பிறகு நடக்கவே முடியாமல் போகும் என்றும் மருமகளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதைக் கேட்டு வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஊரையே ஓடவைத்தவருக்கு நாலு அடி நடப்பது ஒரு பொருட்டா என்று நினைத்தார்கள்.

நடக்கப் பயிற்சி கொடுக்க ஓர் இளைஞன் வந்தான். நல்ல பையன், குழைவான குரல். வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, "பாட்டி, குட்டியா ஒரு ஸ்டெப் வைப்போமா?" என்றான். டீச்சர் காலை லேசாக அசைத்தார். அவன் கைதட்டினான், சூப்பர் பாட்டி என்றான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவன் வந்தபோது அவருக்குத் தலைசுற்றல். அதற்கு மறுநாள் கால் மரத்துப்போயிருந்தது. அப்புறம் தூக்கமில்லை, அப்புறம் வயிறு மந்தம். மகன் கட்டிலோரம் நின்று, நாளைக்குப் பார்த்துக்கலாமாம்மா, இல்ல நாளன்னிக்கா என்று கேட்டான். நாளன்னிக்கு என்றார் டீச்சர். பூங்காவிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் நன்றாகப் பேசினார், சிரித்தார். கணக்கு டீச்சர் இப்போது தான்தான் எண்ணுவதாகச் சொன்னபோது, அஞ்சுலேர்ந்து எட்டுக்குத் தாவிடாதீங்க என்று கிண்டல்கூடச் செய்தார். ஆனால் அவர்கள் கிளம்பியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகனும் வந்துபோனவர்களும் இந்தக் காரணங்களை நம்பினார்கள். மருமகள் நம்பவில்லை. பொய்க் காரணம் சொல்வதில் அவளுக்கு இருந்த அனுபவம் அந்த வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. உண்மையாகத் தலை சுற்றுகிறவர் சுவரைப் பிடிப்பார், கட்டிலைப் பிடிப்பார். டீச்சர் போர்வையைப் பிடித்தார். அதை முகவாய் வரை இழுத்துக்கொண்டு, வாசலில் அந்த இளைஞனின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு மதியம் வீட்டிலிருந்தாள். துவைத்த துணிகளைக் கட்டிலில் டீச்சரின் காலருகே குவித்துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எதையெதையோ சுற்றிவிட்டு ஓய்ந்தபோது, எந்தக் கேள்வியும் இல்லாமலே டீச்சர் சொன்னார்.

"ஊர்ல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் விழக் கத்துக்கொடுத்தேன். எனக்கு விழத் தெரியலையேம்மா. கையை ஊனிட்டேன். உருளணும்னு தோணவே இல்ல. மரம் மாதிரி விழுந்தேன்."

மருமகள் மடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் டீச்சரும் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது.

"பயமா இருக்கு. காலைக் கீழ வைக்கணும்னு நினைச்சாலே எலும்பு உடைஞ்ச அந்தச் சத்தம் கேக்குது."

ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் எப்பேர்ப்பட்டவர் என்று ஏதாவது சொல்லலாம் என்று மருமகளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

"எனக்கும் பயம்தான் டீச்சர். அன்னிக்கு உங்களைத் தூக்க முடியாம நான் பக்கத்துல உட்கார்ந்துட்டேன் பாருங்க, அது எனக்கு இன்னும் ஆறல. நீங்க வேணும்னா படுத்திருங்க. அந்தப் பையன் சொன்னதை நான் செய்றேன். அடுத்த தடவை தூக்கவாவது தெம்பு வேணுமில்ல."

சொன்னதோடு நிற்கவில்லை. பாயை விரித்து, சேலையைச் செருகிக்கொண்டு, அந்த இளைஞன் செய்து காட்டியதை நினைவிலிருந்து செய்ய ஆரம்பித்தாள். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி மறுகாலைத் தூக்க வேண்டும். அவள் தூக்கியது கால்போலவே இல்லை. கட்டிலிலிருந்து டீச்சர் பார்த்தார். பார்க்கச் சகிக்காமல் கூரையைப் பார்த்தார். மறுபடி இவளைப் பார்த்தார்.

"முட்டியை மடக்காதே. இடுப்பு தரையில படணும். எதுக்கு மூச்சை அடக்கிற? மூச்சை விடு."

மூச்சை விட்டாள். அந்த நேரம் பார்த்து வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. தூக்கிய கால் பாயில் விழுந்தது. அதை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. "டீச்சர்" என்று கத்தினாள். அது கூப்பிடுவதா, முனகலா என்று சொல்ல முடியாத ஒரு குரல். டீச்சர் தலையைத் தூக்கினார். முதலில் அவர் முகத்தில் சந்தேகம்தான் இருந்தது. தன்னை எழுப்புவதற்கான நாடகம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்... நிஜமா டீச்சர்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் பொய் சொல்லத் தெரியாத முகம். அதில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

போர்வை விலகியது. இரண்டு கால்களும் கட்டிலிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டன. வாக்கர் கிரீச்சென்று இழுபட்டது. மருமகள் பாயில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவேண்டும்போல இருந்தது. வலியில் முனகல்தான் வந்தது. டீச்சர் எழுந்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, வாக்கரை நகர்த்தி, ஒரு அடி, இன்னொரு அடி. பாயின் விளிம்பு வரை வந்து நின்று, ஒரு பாதத்தை மெல்ல நீட்டி, அவள் உள்ளங்காலில் விரல்களுக்குக் கீழே வைத்து அவள் பக்கமாக அழுத்தினார்.

"விரலை உன் பக்கம் இழு. இன்னும். பல்லைக் கடிக்காதே."

பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"நின்னுட்டீங்க டீச்சர்."

"பேசாதே. எனக்குத் திரும்பத் தெரியல."

உண்மைதான். வந்தாயிற்றே தவிர, வாக்கரைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்குப் போக அவருக்குத் தைரியம் போதவில்லை. மருமகளுக்கோ கால் வலி விட்டும் பாயிலிருந்து எழ முதுகு ஒத்துழைக்கவில்லை. ஒருவர் நின்றபடி, ஒருவர் கிடந்தபடி, எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார்கள் என்று தெரியாது. முதலில் சிரித்தது டீச்சர்தான். சிரிக்காதீங்க, வாக்கர் ஆடுது என்று மருமகள் கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு இன்னும் கூடியது. சாப்பாட்டுக்காகக் கடையிலிருந்து வந்த மகன் கதவைத் திறந்தபோது கண்ட காட்சி இதுதான். பையைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முதல்ல யாரை? அம்மாவையா, உன்னையா?"

மறுநாள் அந்த இளைஞன் வந்தபோது டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டு நிபந்தனை போட்டார். பாட்டி என்று கூப்பிடக்கூடாது, கைதட்டக்கூடாது. மருமகளுக்கு ஒரு நிபந்தனை: தான் செய்வதெல்லாம் அவளும் செய்ய வேண்டும், கூடத்தில், பக்கத்திலேயே. அவள் சரியென்றாள். பயம் போய்விட்டதா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சில நாள் வாக்கரைத் தொட மறுத்து உட்கார்ந்துவிடுவார். அப்போது மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் எழுந்தால் மற்றவரும் எழுவார். வாக்கர் போய்க் குடை வந்தது. கால்மிதி போன இடம் தெரியவில்லை, மகன் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக யாரையும் கேட்காமல் அதை எடுத்து எறிந்துவிட்டிருந்தான். பேத்தி போனில் ஸ்கோர் கேட்டபோது, உங்கம்மா இப்ப குனிஞ்சு கால் விரலைத் தொடுறா, எனக்கே பொறாமையா இருக்கு என்றார் டீச்சர்.

வெயில் இதமாக இருந்த ஒரு காலையில் இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். கணக்கு டீச்சர் முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்களை விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏழரை, ஏழே முக்கால் என்று வேறு நிற்பார். தூக்கிய கைகளோடு வரிசையே முனகிக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் எண்ணிக்கை நின்றது. தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கணக்கு டீச்சர் முன்னிடத்திலிருந்து இரண்டு அடி விலகி நின்று, அந்த இடத்தைக் கையால் காட்டினார்.

டீச்சர் அந்த இடத்தைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் நின்ற இடம், அங்கே புல்கூட முளைப்பதில்லை. வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"நான் பின்னாடி நிக்கிறேன். நீங்க நிறுத்தாதீங்க."

குடையை மரத்தில் சாய்த்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டார். மருமகள் பக்கத்தில் நின்றாள். எண்ணிக்கை மறுபடி தொடங்கியது. கை, கழுத்து, இடுப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. மற்றவர்கள் செய்ததையே டீச்சரும் செய்தார், முன்னால் நின்றவர்களின் கோணல்களைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது ஒற்றைக் காலில் நிற்பது. கணக்கு டீச்சர் அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்துத் தயங்கினார். இன்னிக்கு இதை விட்டுடலாமே என்றார் பொதுவாக. டீச்சர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணு," என்றார்.

வரிசையில் ஒவ்வொரு காலாக மேலே போயிற்று. மருமகளும் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பவில்லை, நேராக முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, காற்றில் கொஞ்சம் தேடி, மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டது. அவள் தூக்கிய காலைக் கீழே இறக்கி, இரண்டு பாதங்களையும் புல்லில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். தோளில் கனம் ஏறியது. டீச்சரின் இடது பாதம் தரையை விட்டு மெல்ல எழும்பியது.